ரெட்டெயிலுக்கு ஜோடி கேட்பவர்களுக்கு

சேலத்தில் வண்ணமீன் வாங்க வருகிறவர்கள் விலைக்கு அடுத்தபடியாகக் கேட்பது, "ஜோடியா கிடைக்குமாங்க?" என்பதுதான். கப்பி, மோலி, ஃபைட்டர் என்று சின்ன மீன்களில் தொடங்கிய பழக்கம் இது. ஆண் கப்பிக்கு வால் விரிந்து வண்ணம் தெறிக்கும். பெண் சாம்பல் நிறத்தில் வயிறு தள்ளி நிற்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடப் பிரித்துச் சொல்லிவிடுவார்கள். அதே கண்ணோடு அடுத்த தொட்டிக்கு நகர்ந்து, விரல் நீளமே இருக்கும் ரெட்டெயில் (அமேசானின் பெரிய கெளுத்தி) குஞ்சுகளைக் காட்டி, இதில் ஆண் எது, பெண் எது என்று கேட்கிறோம். கடையிலும் சலிக்காமல் இரண்டைப் பிடித்துப் பையில் விட்டு, "வால் செவப்பு தூக்கலா இருக்கறது ஆணுங்க, வெளுத்தாப்புல இருக்கறது பொண்ணுங்க" என்று கொடுத்துவிடுகிறார்கள்.

அந்தப் பையில் இருப்பவை இரண்டு ரெட்டெயில் குஞ்சுகள். அதற்கு மேல் அவற்றைப் பற்றி வெளியில் பார்த்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. வாலின் சிவப்பு தீனியைப் பொறுத்து ஏறும் இறங்கும். மீன் பயந்து போயிருந்தால் ஒரு நிறம், தெளிந்தால் ஒரு நிறம். நிறத்துக்கும் ஆண் பெண்ணுக்கும் தொடர்பு இருப்பதாக இதுவரை யாரும் காட்டியதில்லை. இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கெளுத்தி இனத்தில் ஆண் பெண் பிரிப்பது முடியாத காரியம் இல்லை. சில கெளுத்திகளில் அது மிக எளிது. எந்த மீனில், எந்த வயதில், உடம்பின் எந்த இடத்தில் பார்ப்பது என்பதுதான் முக்கியம். அது தெரியாமல் நடக்கிற ஜோடி வியாபாரத்தால் கஷ்டப்படுவது மீன்கள்தான்.

கெளுத்தியில் ஆண் பெண் பார்க்கப் பழக வேண்டுமென்றால் மேட்டூருக்குப் போங்கள். 1934-இல் கட்டி முடித்த அணை. நீர்த்தேக்கத்தில் பரிசல் போட்டு வலை விரிக்கிறவர்கள் இன்றைக்கும் கெளுத்தியும் வாளையும் கொண்டுவந்து கரையில் கொட்டுகிறார்கள். அங்கே மீன் அரிந்து கொடுக்கும் ஓர் அக்காவிடம்தான் நான் இதைச் சரியாகப் பார்க்கப் பழகினேன். கூடையிலிருந்து ஒரு கெளுத்தியைத் தலைக்குப் பின்னால் பிடித்துத் தூக்கி, வயிறு மேலே வரும்படி திருப்பினார். மலத்துளைக்குப் பின்னால், பின்துடுப்பு (வாலுக்கு முன்னால் அடிப்பக்கம் இருப்பது) தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், கூரான சதைமுளை ஒன்று வாலைப் பார்த்துச் சாய்ந்து நின்றது. அரிசியை விடக் கொஞ்சம் நீளம். நுனி மட்டும் இளஞ்சிவப்பு. விரலால் தொட்டால் மடங்கி மறுபடி எழுந்தது. "இது ஆம்பள தம்பி. சினை இருக்காது" என்று ஓரமாகப் போட்டார். அடுத்ததில் முளையே இல்லை. அந்த இடத்தில் உருண்டையான ஒரு வாய், சுற்றிலும் சிவந்து தடித்திருந்தது. வயிற்றின் இரண்டு பக்கமும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து லேசாக வழித்தார். பழுப்பு மஞ்சளில் நாலைந்து முட்டைகள் பிதுங்கி அவர் நகத்தின் மேல் ஒட்டிக்கொண்டன. "இது பொம்பள. இதுக்குத்தான் ஆளு வருவாங்க."

அவர் பார்த்த இடம்தான் மீன்வளத் துறைப் பண்ணைகளிலும் பார்க்கிற இடம். நம் ஊர் நாட்டுக் கெளுத்திகளில் முதிர்ந்த ஆணுக்கு இந்த முளை இருக்கும்; பெண்ணுக்கு இருக்காது. ஆடியில் புதுத்தண்ணீர் வந்து மீன்கள் முட்டைக்குத் தயாராகும் காலத்தில் வித்தியாசம் துலக்கமாகத் தெரியும். தை, மாசியில் அதே பெண்ணைப் பார்த்தால் அந்தச் சிவப்பு வடிந்து, வயிறு ஒட்டி, சந்தேகம் வந்துவிடும். குஞ்சுகளில் பார்க்கவே முடியாது. ஆகவே முதலில் கேட்க வேண்டியது மீன் முதிர்ந்ததா என்பதைத்தான். முதிராத கெளுத்தியிடம் ஆணா பெண்ணா என்று தேடுவது வீண்.

நடக்கும் கெளுத்தியிலும், இந்தியாவில் 2000-லேயே தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியிலும் இந்த முளை இன்னும் தெளிவு. ஆணுக்கு நீண்டு கூராக இருக்கும், பெண்ணுக்குக் கீறல் விட்ட வட்டமாக இருக்கும். (தடை செய்த மீன் இன்னமும் வெளிறிய நிறத்தில் "அல்பினோ கேட்ஃபிஷ்" என்று சில தொட்டிகளில் கண்ணில் படுகிறது. வாங்காதீர்கள். அது தப்பித்து ஓர் ஏரிக்குள் போனால் அங்கே இருக்கிற சின்ன மீன், தவளை எதையும் விட்டுவைக்காது.) இந்த வகைக் கெளுத்திகளில் ஆண் பெண் கண்டுபிடிப்பது எவ்வளவு எளிதோ, இனப்பெருக்கம் செய்ய வைப்பது அவ்வளவு கொடுமை. கெண்டை மீனை அழுத்தினால் விந்து வருவதுபோல் இந்த வகை ஆண்களை அழுத்தினால் வராது. குஞ்சு பொரிப்பகங்களில் ஆணைக் கொன்று, விந்துப்பையை எடுத்து அரைத்துத்தான் முட்டையோடு கலக்கிறார்கள். வீட்டில் "ஜோடி போட்டுக் குஞ்சு எடுக்கலாம்" என்று ஆசைப்படுகிற தம்பிகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

சேலத்தில் அநேகமாக எல்லார் வீட்டுத் தொட்டியிலும் இருக்கிற பெரிய கெளுத்தி என்றால் அது சக்கர்தான். டேங்க் கிளீனர் என்று இருபது முப்பது ரூபாய்க்கு வாங்கி, ஒரு முழம் வளர்ந்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கிற மீன். இதில் ஒரு சௌகரியம், வெளியே எடுக்காமலே பார்க்கலாம். ராத்திரி விளக்கை அணைத்துச் சற்று நேரம் விட்டால் முன்கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு வயிற்றை நமக்குக் காட்டி நிற்கும். நம் போர் தண்ணீரில் கண்ணாடி முழுக்க வெள்ளை உப்புப் பூத்திருக்கும், அதை முதலில் துடைத்துவிடுங்கள். பிறகு செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, வயிற்றின் புள்ளிகள் முடிந்து பின்துடுப்பு தொடங்கும் இடத்தைப் பாருங்கள். முழு வளர்ச்சி அடைந்த ஆணில் சிறிய தடித்த குமிழ் ஒன்று தோலை விட்டு எழுந்து நிற்கும். பெண்ணில் அந்த இடம் தோலோடு தோலாகப் படிந்திருக்கும். நேர் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் குமிழின் நிழல் விழும். ஓரடிக்குக் குறைந்த மீனில் இதைத் தேடி மெனக்கெட வேண்டாம். ஆண் சக்கர் தன் சொந்த நாட்டு ஆற்றங்கரையில் மண்ணைக் குடைந்து வளை எடுக்கும். பெண் அதில் முட்டையிட்டுப் போனபின் காவல் இருப்பது ஆண்தான். நம் கண்ணாடித் தொட்டியில் குடைய மண் கிடையாது, ஆகவே அங்கே குடும்பம் நடத்தவும் வழி கிடையாது.

இதே குடும்பத்தில் இருக்கும் பிரிஸ்டில்நோஸ் சின்ன மீன்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஆணுக்கு மூக்கின் மேல் கிளை கிளையாகத் தசை முட்கள் முளைக்கும். பெண்ணுக்கு உதட்டோரம் சிறிது இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. பிறந்தநாளுக்கு ஜோடி வாங்கிக்கொடுக்க ஆசையாக இருந்தால் இந்தக் கெளுத்தியை வாங்கிக்கொடுங்கள். ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து வைத்தாலே முட்டையிட்டுவிடும்.

இன்னொரு அதிசயக் குடும்பம் தென்னமெரிக்காவின் டிரிஃப்ட்வுட் கெளுத்திகள். அந்த ஆண்களுக்குப் பின்துடுப்பின் முன் கதிர்களே தடித்து நீண்டு, விந்தைப் பெண்ணின் உடலுக்குள் செலுத்தும் உறுப்பாக மாறியிருக்கும். துடுப்பைப் பார்த்தாலே போதும், தொட வேண்டியதே இல்லை. அக்குடும்பத்தில் அரையடி தாண்டி இரண்டடி நெருங்கும் இனங்களும் உண்டு. அவற்றில் இணைசேரும் பருவத்தில் ஆணின் மீசையே எலும்பாகக் கெட்டிப்பட்டுவிடுகிறது. நிறையப் பேருக்கு இது தெரியாததால்தான் கெளுத்தி என்றாலே பிரிக்க முடியாது என்கிறார்கள்.

ஆனால் நம்மவர்கள் கேட்பது அவற்றை இல்லை. கேட்பது ரெட்டெயில், டைகர் ஷவல்நோஸ், ஷார்க் என்ற பெயரில் விற்கும் பங்காசியஸ். மூன்றும் ஒரு மீட்டரைத் தாண்டக்கூடியவை. ரெட்டெயிலில் 50 கிலோவைத் தாண்டியவற்றை அமேசானில் தூண்டிலில் பிடித்திருக்கிறார்கள். இந்த மூன்றிலும் வெளியே இருந்து பார்த்துச் சொல்லும்படியான அடையாளம் எதுவும் கிடையாது. டைகரில் பெண்கள் ஆண்களை விடப் பெரிதாகின்றன, பருவம் அடைவதும் தாமதம். ஆனால் அது ஆற்றில் நூற்றுக்கணக்கில் பிடித்து அளந்து பார்த்தவர்கள் சொல்லும் கணக்கு. உங்கள் தொட்டியில் இருக்கும் இரண்டில் பெரியது பெண் என்று அதிலிருந்து முடிவு கட்ட முடியாது. அது தீனியை முந்திக்கொண்டு தின்ற மீனாக இருக்கலாம்.

பங்காசியஸ் உணவு மீனாகக் குளங்களில் வளர்வதால் அதைப் பற்றி அதிகம் தெரியும். பெண் முட்டைக்கு வர மூன்று வயது ஆக வேண்டும். அப்போதும் அடைபட்ட தண்ணீரில் தானாக முட்டையிடாது, ஊசிதான். ஹார்மோன் கொடுத்து மீனை முட்டையிட வைக்கும் வழியை நம் நாட்டுக் கெண்டைகளில் 1957-இல் ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரி செய்துகாட்டினார். அதன் தொடர்ச்சிதான் இன்றைய ஊசிகள். ரெட்டெயிலும் டைகரும் கலந்த கலப்பினக் குஞ்சுகள் கடைகளுக்கு வருவதும் அப்படித்தான். பண்ணையில் ஊசி போட்டு, முட்டையையும் விந்தையும் கையால் பிழிந்து கலந்து எடுத்தவை அவை. யாருடைய வீட்டுத் தொட்டியிலும் ஜோடி சேர்ந்து பிறந்தவை இல்லை.

ஏன் இந்தப் பெரிய கெளுத்திகள் ஆணையும் பெண்ணையும் வேறு வேறு உருவத்தில் காட்டுவதில்லை? நான் புரிந்துகொண்டது இது. கலங்கல் தண்ணீரில், இருட்டில் அலைகிற மீனுக்கு அழகாக உடுத்திப் பயனில்லை. கெளுத்திக்கு உலகம் வாசனையிலும் சுவையிலும் இருக்கிறது. அமெரிக்காவின் புல்ஹெட் கெளுத்தியின் தோலில், மீசையில் தொடங்கி வால்வரை, ஒரு லட்சத்துக்கும் மேல் சுவை மொட்டுகள் உண்டு. அந்த மீன்கள் ஒன்றையொன்று மணத்தை வைத்தே தனித்தனி ஆளாக அடையாளம் கண்டுகொள்கின்றன என்று 1967-இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு காட்டியது. தன் இனத்தில் எதிரே வருவது யார் என்பதை ஒரு கெளுத்தி தண்ணீரை நுகர்ந்தே அறிகிறது. நாம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு கண்ணால் தேடுகிறோம்.

அதோடு தூரம். அமேசான் பெரிய கெளுத்திகளில் பல, வெள்ளம் ஏறும் காலத்தில் ஆற்றில் வெகுதூரம் மேலே ஏறிப்போய் முட்டையிடுபவை. டொராடோ என்ற இனம் கடல் முகத்துவாரத்துக்கும் ஆண்டீஸ் மலையடிவாரத்துக்கும் இடையே வாழ்நாளில் போய்வரும் தூரம் 11,600 கிலோமீட்டர் வரை என்று 2017-இல் கணக்கிட்டார்கள். நன்னீர் மீன் எதுவும் இவ்வளவு தூரம் போவதாகத் தெரியவில்லை. இப்படிப்பட்ட சொந்தக்காரர்களைக் கொண்ட மீனை நாலடித் தொட்டியில் விட்டு, பக்கத்தில் இன்னொன்றையும் விட்டால் இணை சேருமா?

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வீட்டின் பின்னால் சிமென்ட் தொட்டி கட்டி ரெட்டெயில் வளர்க்கிறார். மார்கழியில் மலையில் குளிர் இறங்கும்போது தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள ஹீட்டர்கள் ஓடிக்கொண்டே இருக்கும். அவ்வளவு அக்கறையானவர். ஒருமுறை போயிருந்தபோது, "வயிறு பாருங்க, இது பொண்ணுதான். தனியா கெடக்கறது மனசுக்குக் கஷ்டமா இருக்கு. ஒரு ஆண் புடிச்சுக் கொடுங்க" என்றார். அவருடைய மனசு எனக்குப் புரிந்தது. ஜோடி கேட்கிற பலரும் குஞ்சு எடுத்து விற்க நினைத்துக் கேட்பதில்லை. மீன் தனியாக இருக்கிறதே என்ற பாவத்தில்தான் கேட்கிறார்கள்.

"என்ன தீனி போடறீங்க?" என்றேன். கோழிக்கறி, தினமும். அந்த வயிற்றுக்குப் பாதி பதில் அதிலேயே கிடைத்துவிட்டது. வளர்ந்த ரெட்டெயிலுக்கு வாரம் ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை தீனி போதும். தினம் கறி தின்ற மீனுக்கு வயிறு தீனியாலேயே உப்பி நிற்கும்; வெளியே இருந்து பார்த்தால் அது அச்சு அசல் சினை வயிறுதான். தீனியை நிறுத்தி ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கச் சொன்னேன். மலையில் இருந்து அவர் அனுப்பிய படத்தில் வயிறு நன்றாக இறங்கியிருந்தது. சினையாக இருந்திருந்தால் பட்டினியில் அப்படி ஒரு வாரத்தில் வடிந்திருக்காது. அதனால் அது ஆண் என்று ஆகிவிடாது. பெண் என்று சொல்ல வைத்திருந்த ஒரே காரணம் போயிற்று, அவ்வளவே.

உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் வழிகள் உண்டு. முதிர்ந்த மீனின் துளை வழியாக மெல்லிய குழாயை விட்டு உறிஞ்சிப் பார்ப்பது. பெண்ணாக இருந்தால் முட்டை வரும். மயக்கம் கொடுத்துத்தான் செய்ய வேண்டும், பண்ணை அனுபவம் உள்ள கைகளுக்கான வேலை. இன்னொன்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். மீனுக்கு இது அழகாகப் பொருந்தும்: தண்ணீரே ஒலியைக் கடத்திவிடும், ஜெல்லி தடவ வேண்டாம், மீனை வெளியே எடுக்கக்கூட வேண்டாம். பெரிய காட்சியகங்களில் செய்கிறார்கள். வீட்டில் யாரும் மீனைத் தூக்கித் தரையில் போட்டு முளை தேடாதீர்கள். கெளுத்தியின் பக்கத் துடுப்பு முள் விரிந்து பூட்டிக்கொள்ளும். வலையில் சிக்கினால் முள்ளும் உடையும், உங்கள் உள்ளங்கையும் கிழியும். இடம் மாற்ற வேண்டி வந்தால் அகலமான பிளாஸ்டிக் டப்பைத் தண்ணீருக்குள் இறக்கி, மீனைத் தண்ணீரோடு அள்ளுங்கள். அப்போது டப் கண்ணாடிபோல் இருந்தால் கீழே இருந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு ரெட்டெயில் கடித்துக்கொண்டால் "ரெண்டும் ஆண் போல" என்பதும், பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தால் "ஜோடி சேர்ந்துடுச்சு" என்பதும் அடிக்கடி காதில் விழும். இடம் பத்தாத எந்தக் கெளுத்தியும் கடிக்கும், பெண்ணும் கடிக்கும். பதுங்க ஒரே மூலை இருந்தால் எந்தக் கெளுத்திகளும் சேர்ந்து படுக்கும். ஒன்றின் வாய்க்குள் அடங்கும் அளவில் இன்னொன்று இருந்தால் ஒரு ராத்திரி அதுவும் முடிந்துவிடும்.

ஏற்காட்டு நண்பரிடம் இதையெல்லாம் பேசியபோது அவர் ரொம்ப நேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அதுக்குத் துணையே வேண்டாங்கறீங்களா?" என்றார். சொந்த ஆற்றில் ரெட்டெயில் பெரும்பாலும் தனியே திரிகிற மீன். அதற்கு இப்போது குறைவது திரும்ப இடம் என்றேன். இரண்டாவது மீனுக்கு ஒதுக்கியிருந்த பணத்தில் தொட்டியின் ஒரு பக்கச் சுவரை இடித்து நீட்டிக் கட்டினார், வடிகட்டிக்குப் பெரிய டிரம் ஒன்று வைத்தார். மீனின் பேர் இன்னும் பொண்ணு பேர்தான், அதை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை.

கடைக்குப் போகிறவர்கள் ஜோடி கேட்பதற்குப் பதிலாக, முழுசாக வளர்ந்தால் எத்தனை அடி என்று கேளுங்கள். மீனின் நீளத்தைப் போல நாலைந்து மடங்கு நீளமும், அது வளையாமல் திரும்பும் அகலமும் உங்கள் வீட்டில் உண்டா என்று அங்கேயே யோசியுங்கள். ஏற்கெனவே ஜோடி என்று வாங்கிவந்து இரண்டும் இரண்டடி தாண்டி நிற்கிறதென்றால், தயவுசெய்து மூக்கனேரியிலோ ஏற்காடு ஏரியிலோ மேட்டூர்த் தண்ணீரிலோ விட்டுவிடாதீர்கள். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்து ஆறுகளில் அமேசானின் அராபைமா வலையில் ஏறியது இப்படி வளர்ப்பிடங்களில் இருந்து தப்பித்துத்தான். மேட்டூர் அக்காவின் கூடையில் நம் கெளுத்தி இருக்க வேண்டிய இடத்தில் சக்கர் நிறைந்து கிடப்பதைப் பார்க்க எனக்கு மனமில்லை. படமும் நீளமும் போட்டுக் கீழே எழுதுங்கள். நாமக்கல், ஈரோடு பக்கம் பெரிய சிமென்ட் தொட்டி வைத்திருப்பவர்களிடம் நான் கேட்டுப் பார்க்கிறேன், எடுத்துப்போக டப்பும் ஏர் பம்பும் என்னிடம் இருக்கிறது.